பிசையாமலே பிரெட்: முடக்குவாதக் கைகளுக்கு ஒரு வழி

கடிதம் எழுதியிருப்பவர் 47 வயது வாசகி. 6 ஆண்டுகளாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). வாரம் ஒருமுறை வாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், தினமும் காலையில் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்துக்கொள்கிறார். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஒன்றரை மணி நேரம் விரல்கள் மடங்குவதில்லை. மாத்திரைக்கு முன் வயிற்றில் ஏதாவது விழ வேண்டும் என்பதால் வீட்டிலேயே பிரெட் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று முயன்றிருக்கிறார். 15 நிமிடம் பிசைந்ததில் மணிக்கட்டு இரண்டு நாள் வீங்கியிருந்தது. வந்த பிரெட்டும் செங்கல். “பிசைவது விரலுக்கு நல்ல பயிற்சிதானே, வலியைப் பொறுத்துக்கொண்டு செய்யலாமா? யீஸ்டும் கோதுமையும் வாதத்தைக் கூட்டும் என்று அக்கா சொல்கிறாரே, புளிமாவு பிரெட்டுக்கு மாறட்டுமா? இல்லை, கணவர் சொல்வதுபோல் கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருக்கட்டுமா?” என்று கேட்கிறார். ‘இதைக்கூடச் செய்ய முடியவில்லையே’ என்ற வருத்தமும் கடிதத்தில் இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

பிரெட் செய்வதை நீங்கள் விட வேண்டாம். பிசைவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பிசையும்போது கையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்குகிறீர்கள். மாவை மடக்கித் திருப்பும்போது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகத் தள்ளப்படுகின்றன. முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வு வீங்கி, மூட்டைப் பிடித்து நிறுத்தும் நார்களைத் தளர்த்திவிடுகிறது. அப்படித் தளர்ந்த மூட்டை அதே திசையில் திரும்பத் திரும்பத் தள்ளினால் விரல்கள் சாய்வது வேகமாகும். முடக்குவாதம் முற்றிய கைகளில் நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திசையில் கைக்குக் கொடுக்கும் எந்த அழுத்தத்தையும் தவிர்க்கச் சொல்வது அதனால்தான்.

விரல் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. முடக்குவாதக் கைகளுக்கென்றே வடிவமைத்த நீட்டல், வலுவூட்டல் பயிற்சிகள் கையின் செயல்திறனைக் கூட்டுகின்றன என்பதை 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ‘சாரா’ ஆய்வு காட்டியது. அந்தப் பயிற்சிகள் அளவோடு, படிப்படியாக, சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்துச் செய்பவை. முக்கால் கிலோ மாவோடு மல்லுக்கட்டுவது அந்தக் கணக்கில் வராது. உங்களுக்கு ஓர் எளிய அளவுகோல்: ஒரு வேலை முடிந்து 2 மணி நேரம் கழித்தும் வலி முன்பைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வேலை அன்றைக்கு அதிகம். இரண்டு நாள் வீக்கம் என்றால் மிக மிக அதிகம்.

பிசையாவிட்டால் பிரெட் எப்படி வரும்?

மாவிலுள்ள குளூட்டெனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்துதான், வாயுவைப் பிடித்துவைத்து பிரெட்டை உப்பவைக்கும் குளூட்டன் வலையாகின்றன. பிசைவது அதை அவசரப்படுத்தும் வழி, அவ்வளவே. தண்ணீரைத் தாராளமாக விட்டுப் பல மணி நேரம் சும்மா வைத்தாலும் வலை தானே பின்னிக்கொள்ளும். யீஸ்ட் விடும் வாயுக்குமிழிகள் மாவை உள்ளிருந்தே மெல்ல மெல்ல இழுத்து, கை செய்ய வேண்டியதைச் செய்துவிடும்.

நீங்கள் எழுதியிருப்பதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. “கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவினேன்.” பிரெட் செங்கல் ஆனதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பிசையாத பிரெட்டுக்கு மாவு ஒட்டத்தான் வேண்டும். உருண்டையாகத் திரண்டு நின்றால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். நீங்கள் அதைக் கையால் தொடப் போவதே இல்லை என்பதால் ஒட்டினாலும் கவலையில்லை.

அளவுகள்

21 சென்டிமீட்டர் நீளம், 11 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பிரெட் டின்னுக்கு: மைதா 300 கிராம், முழுக் கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 310 மில்லி, இன்ஸ்டன்ட் யீஸ்ட் அரை டீஸ்பூன் (ஒன்றரை கிராம்), உப்பு 6 கிராம் (தலைதட்டிய 1 டீஸ்பூன்), எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். மைதா பாக்கெட்டில் புரதம் 100 கிராமுக்கு 11 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. முழுக் கோதுமையைக் கூட்ட விரும்பினால், கூடுதலாக மாற்றும் ஒவ்வொரு 100 கிராமுக்கும் 15 முதல் 20 மில்லி தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். தவிடு நிறையத் தண்ணீர் குடிக்கும். அதன் துகள்கள் குளூட்டன் வலையையும் அறுக்கும். முழுவதும் முழுக் கோதுமையில்தான் வேண்டும் என்றால் பிரெட் குட்டையாகவும் கனமாகவும் வரும் என்று தெரிந்தே செய்யுங்கள்.

கப்பில் அளக்காதீர்கள். எடை மெஷின்மேல் பாத்திரத்தை வைத்து, அதிலேயே ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டு வந்தால் தூக்குவதும் குறையும், கழுவுவதும் குறையும். 5 கிலோ மாவுப் பையை ஒவ்வொரு முறையும் தூக்கிச் சாய்ப்பது பிசைவதற்கு இணையான கேடு. கை நன்றாக இருக்கும் ஒரு நாளில் இரண்டு மாவையும் உப்பையும் 4 சிறு டப்பாக்களில் எடை போட்டு வைத்துவிடுங்கள். அடுத்த 4 பிரெட்டுக்கு டப்பாவைக் கவிழ்த்து, யீஸ்டும் தண்ணீரும் எண்ணெயும் சேர்த்தால் போதும். மூடி திருகு மூடியாக இருக்க வேண்டாம்.

வேலையை மூன்று துண்டாக வெட்டுங்கள்

கலப்பது 5 நிமிட வேலை. உங்களுக்கு மதியத்துக்குமேல் விரல்கள் இளகுகின்றன என்றால் அதுதான் அதற்கான நேரம். காலையில் வேண்டவே வேண்டாம். உட்கார்ந்து செய்யுங்கள். பாத்திரத்துக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் அது நகராது; இன்னொரு கையால் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. கரண்டியின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளுங்கள். பேனா பிடிப்பதுபோல் பிடிக்காமல், முழு முஷ்டியில் பிடியுங்கள்: கட்டைவிரல் மேலே இருக்க, கரண்டியின் தலை சுண்டுவிரல் பக்கம் கீழே நீள வேண்டும். அப்படிப் பிடித்துத் தோளிலிருந்து கையைச் சுழற்றினால் விரல்கள் தள்ளப்படாது, மணிக்கட்டும் வளையாது. உலர்ந்த மாவு எங்கும் தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும். கட்டிகட்டியாக, சொரசொரப்பாக, பார்க்கவே அழகில்லாமல்தான் இருக்கும். அரை மணி கழித்து ஈரக் கரண்டியால் ஓரத்தை வழித்து நடுவில் மடித்துவிடுங்கள். பாத்திரத்தைக் கால்வட்டம் திருப்பி மீண்டும் ஒருமுறை. நான்கு மடிப்பு, அரை நிமிடம். அதற்குள்ளேயே மாவு வழவழப்பாகியிருப்பதைக் காண்பீர்கள். களைப்பாக இருந்தால் இந்த மடிப்பையும் விட்டுவிடலாம். பிரெட் சற்றே தட்டையாக வரும், வேறொன்றுமில்லை.

மூடி வைத்து, மாவு ஒன்றரை மடங்காக உப்பத் தொடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் அதற்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. குளிரில் மூன்று மணி நேரமும் ஆகலாம். ஃப்ரிட்ஜுக்குள் போன பிறகு 12 மணி நேரம் கழித்து எப்போது வேண்டுமானாலும் சுடலாம். 3 நாள் வரை பொறுத்திருக்கும். நாளை எப்படி இருக்கும் என்று முந்தைய இரவு சொல்ல முடியாத நோய் இது. அதனால் ஃப்ரிட்ஜில் தூங்கும் இந்த மாவை நான் எந்தக் கருவியையும்விட உயர்வாகச் சொல்வேன். எழுந்திருக்க முடியாத நாளில் அது காத்திருக்கும்.

சுடும் நாளில், டின்னில் பட்டர் பேப்பரை இரு பக்கமும் வெளியே நீளும்படி விரித்து, எண்ணெய் தடவிய கரண்டியால் மாவை அதில் வழித்துவிடுங்கள். வடிவம் கொடுக்கத் தேவையில்லை. வடிவத்தை டின் பார்த்துக்கொள்ளும். குளிர்ந்த மாவு என்பதால் மீண்டும் உப்ப ஒன்றரை முதல் 2 மணி நேரம் ஆகும். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வந்ததும், முன்பே 220 டிகிரி செல்சியஸில் சூடாக்கிய ஓவனில் 35 முதல் 40 நிமிடம். நடுவில் தெர்மாமீட்டர் குத்தினால் 95 டிகிரி காட்ட வேண்டும்.

சூடான டின்னை எடுக்கும் வேலையைக் கணவரிடம் கொடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு பல ஆண்டு சாப்பிடுபவர்களின் தோல் மெலிந்திருக்கும். சுட்டால் ஆற நாளாகும். பிடி நழுவும் கைக்கு அது வீண் ஆபத்து. தனியாக இருக்கும்போது சுட வேண்டிவந்தால், முழங்கை வரை மூடும் கையுறை போட்டு, கதவைத் திறந்ததும் ஆவி வெளியேறும் வரை முகத்தை விலக்கி, தட்டோடு பாதி வெளியே இழுத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் எடுங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். பிசையாத பிரெட் என்றதும் மூடியுள்ள கனத்த வார்ப்பிரும்புப் பாத்திரத்தைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். வெறும் பாத்திரமே பல கிலோ வரும், அதுவும் கொதிக்கும் சூட்டில். உங்கள் வீட்டுக்குள் அது வரவே வேண்டாம்.

வெட்டுவதும் காலை வேளையும்

வெளியே எடுத்ததும் துணியால் மூடி ஆறவிடுங்கள். உள்ளிருந்து வரும் ஆவி மேலோட்டை மென்மையாக்கும். முடக்குவாதம் தாடை மூட்டையும் பிடிக்கும் நோய் என்பதால் மொறுமொறு மேலோடு உங்களுக்குப் பெருமை சேர்க்கப் போவதில்லை. முழுதாக ஆற 2 மணி நேரம் ஆகும். அதற்குமுன் வெட்டினால் உள்ளே பசைபோல் இழுக்கும், ‘வேகவில்லை’ என்று தோன்றும். வெட்டுவதற்கு ரம்பப் பல் கத்தி. பிடி கத்திக்குச் செங்குத்தாக நிற்கும் வகை கிடைத்தால் மணிக்கட்டு நேராக இருக்கும்.

12 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் வையுங்கள். பேப்பர் இல்லாவிட்டால் துண்டுகள் ஒட்டிக்கொண்டு, விறைத்த விரல்களால் காலையில் அவற்றைப் பிரிப்பது பெரும்பாடாகிவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மட்டும் வைக்காதீர்கள். உறைநிலைக்குச் சற்று மேலான அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகி பிரெட் வறண்டுபோகும். காலையில் ஃப்ரீசரிலிருந்து நேராக டோஸ்டருக்கு. நெம்புகோலை விரலால் அழுத்தாமல் உள்ளங்கையின் அடியால் அழுத்துங்கள். 3, 4 நிமிடத்தில் மாத்திரைக்குமுன் சாப்பிட ஏதோ ஒன்று தயார். நீங்கள் கேட்ட காலை உணவு அதுதான்.

கெட்டுப்போனால் ஏன் என்று பார்க்க

உப்பவே இல்லையா? அரை கப் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் சர்க்கரையும் 1 டீஸ்பூன் யீஸ்டும் போடுங்கள். 10 நிமிடத்தில் நுரைக்காவிட்டால் யீஸ்ட் செத்துவிட்டது. தண்ணீர் 55 டிகிரிக்குமேல் சுட்டாலும் செத்துவிடும். விறைத்த விரல்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று சூடாக ஊற்றுபவர்களுக்கு அடிக்கடி இப்படி ஆகும். மேல்பகுதி நடுவில் குழிந்துபோனால் டின்னில் அதிக நேரம் உப்பிவிட்டது என்று பொருள். உப்பை வெகுவாகக் குறைத்தாலும் இதுவே நடக்கும், ஏனென்றால் யீஸ்டின் வேகத்துக்கு உப்புதான் கடிவாளம்.

இயந்திரமா, கடையா?

பிரெட் மெஷின் வாங்க முடியுமானால் வாங்கலாம். கலப்பது முதல் சுடுவது வரை அதுவே 3, 4 மணி நேரத்தில் முடித்துவிடும். மேடையில் நிரந்தரமாக ஓரிடம் கொடுங்கள்; அலமாரியிலிருந்து இறக்கி ஏற்றினால் வாங்கிய பலனே போய்விடும். இரவில் நேரம் குறித்து வைத்துக் காலையில் சூடாக எடுக்கும் வசதியைப் பயன்படுத்தினால் பால், முட்டை சேர்க்காதீர்கள். கைக்குச் சிரமம் தருவது கடைசியில் பாத்திரத்தைக் குலுக்கிப் பிரெட்டை வெளியே எடுப்பதுதான். அதை வேறு யாராவது செய்யட்டும்.

கடை பிரெட் கெடுதல் என்று நினைத்து வீட்டில் செய்கிறீர்கள் என்றால் அந்தப் பயம் வேண்டாம். வீக்கம் கூடிய நாட்களில் கணவர் சொல்வதே சரி. மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் நாளும் மறுநாளும் பலருக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். அந்த நாட்களில் சுடுவதைத் திட்டமிடவே கூடாது.

யீஸ்ட் இல்லாமல் சோடாவும் மோரும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பிரெட்டையும் கேட்டிருந்தீர்கள். அவசரத்துக்குச் செய்யலாம், ஆனால் அது உப்பு குறைந்த பிரெட் இல்லை. 1 டீஸ்பூன் சமையல் சோடாவிலேயே சுமார் 1,260 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. கூடவே உப்பும் போடுகிறோம். ஸ்டீராய்டு எடுப்பவர் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். நான் மேலே சொன்ன பிரெட்டில் ஒரு துண்டுக்கு அரை கிராம் உப்பு. நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

கோதுமை, யீஸ்ட், புளிமாவு

பிரெட் யீஸ்ட்டும் உடம்பில் தொற்று உண்டாக்கும் கேண்டிடாவும் வேறு வேறு இனங்கள். அதுவும் ஓவனில் யீஸ்ட் செத்துவிடுகிறது. அது மூட்டுக்குள் போய் வாதத்தை வளர்ப்பதில்லை. புளிமாவு பிரெட்டின் சுவை நன்றாக இருக்கும், தவிட்டிலுள்ள, இரும்பு போன்ற சத்துகள் உடம்பில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட்டும் குறையும். ஆனால் அதில் குளூட்டன் இருக்கத்தான் செய்கிறது. அதைப் புளிக்கவைக்கும் தாய்மாவைத் தொடர்ந்து பராமரிப்பது உங்கள் களைப்புக்கு இன்னொரு சுமை. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சீலியாக் நோய் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) இல்லாதவர்களுக்குக் கோதுமையை நிறுத்தினால் முடக்குவாதம் தணியும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, அடிக்கடி பேதியாகிறது, இரத்தசோகை தீரவில்லை என்று இருந்தால் சீலியாக் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனைக்குமுன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். அக்காவின் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே குறைத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்று: பச்சை மாவு. உப்பு பார்க்கிறேன் என்று கலந்த மாவை நாக்கில் வைக்காதீர்கள். மாவு வேகவைக்காத பொருள். அதில் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் இருக்கலாம். உங்கள் இரு மருந்துகளும் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. பூஞ்சை ஒரு துண்டில் தெரிந்தாலும் முழு பிரெட்டையும் எறியுங்கள். அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிவது போதாது.

சர்க்கரை விஷயத்தில், ஒரு துண்டில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து. காலைக்கு இரண்டு துண்டும், கூடவே முட்டையோ தயிரோ கொட்டைகளோ போதும். காலையில் எடுக்கும் பிரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றுவது பெரும்பாலும் மதியத்துக்குமேல். வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் செய்தால் அது தெரியாமலே போய்விடும். மதிய உணவுக்கு 2 மணி நேரம் கழித்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மருத்துவரிடம் பேச வேண்டியது

6 ஆண்டு சிகிச்சைக்குப் பிறகும் காலையில் ஒன்றரை மணி நேரம் விறைப்பு, தினமும் ஸ்டீராய்டு தேவைப்படுகிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு பிரெட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னதைவிட அந்த வரி முக்கியம். நோய் இன்னும் அடங்கவில்லை, இப்போதைய மருந்து போதவில்லை என்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். ‘பழகிவிட்டது’ என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எந்தெந்த மூட்டு வீங்குகிறது என்று 2 வாரம் குறித்துக்கொண்டு போங்கள். வீங்கிய மூட்டுகளை எண்ணிப் பார்த்து, உடம்பின் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரத்தப் பரிசோதனைகளோடு மருந்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. ஸ்டீராய்டு எவ்வளவு காலம் தொடர வேண்டும், எலும்பு அடர்த்தி பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். அதுவரை பிரெட்னிசோலோனை நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீர் நிறுத்தம் ஆபத்தானது. மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறைக்குமேல் தவறிக்கூட எடுக்கக் கூடாது. காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ, மூச்சு வாங்கும் வறட்டு இருமலோ வந்தால் அடுத்த தவணையைப் போடுவதற்குமுன் மருத்துவரை அழையுங்கள்.

மணிக்கட்டுக்கு ஒரு தாங்கு பட்டையும், கைப் பயிற்சிக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒருவருக்குப் பரிந்துரையும் அதே சந்திப்பில் கேட்டு வாங்கிவிடுங்கள்.